தேதிக் கோளாறு: பழைய அரசுக் கணினிகளை முன்கூட்டியே எப்படித் தயார் செய்கிறார்கள்?

1935-இல் பிறந்த ஒருவருக்கு 2000-ஆம் ஆண்டில் வயது 65. இந்தச் சின்னக் கணக்கை ஒரு பழைய நிரலிடம் கொடுப்போம். ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் எழுதிவைக்கும் நிரல் அது. 00-லிருந்து 35-ஐக் கழிக்கும். விடை கழித்தல் 35. வயது ஒருபோதும் கழித்தலில் வராது என்று நினைத்து, அந்த விடைக்கான இடத்தை எழுதியவர் குறியில்லாத எண்ணாக அமைத்திருப்பார். கோபோல் மொழியில் எழுதிய பழைய நிரல்களில் இது சர்வசாதாரணம். கழித்தல் குறி உதிர்ந்துபோய் வெறும் 35 மிஞ்சும். ஓய்வூதியம் வாங்க வேண்டிய பெரியவர் 35 வயதுக்காரராகப் பதிவாகிவிடுவார்.

பிழைச் செய்தி எதுவும் வராது. கணினி நிற்காது. அடுத்த பதிவுக்குப் போய்விடும்.

தேதிக் கோளாறு என்றதும் கணினிகள் கூட்டமாகச் செயலிழப்பதைத்தான் பலரும் நினைக்கிறார்கள். செயலிழந்த கணினியாவது தன் கோளாறைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். தவறான விடையைச் சரியான விடைபோலவே கொடுத்துக்கொண்டிருக்கும் கணினிதான் ஆபத்தானது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் 2000-ஆம் ஆண்டு இதுதான் நடந்தது. கருவில் இருக்கும் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் குறைபாடு இருக்கும் வாய்ப்பைக் கணக்கிடும் மருத்துவமனைக் கணினி, தாயின் வயதைத் தப்பாகக் கணக்கிட்டது. 154 பெண்களுக்குத் தவறான மதிப்பீடு போயிற்று. மாதக்கணக்கில் யாருக்கும் தெரியவில்லை.

ஏன் இரண்டே இலக்கம்? 1950-களிலும் 60-களிலும் தகவலைத் துளைகளாகப் பதிந்துவைக்கும் ஒரு துளை அட்டையில் 80 எழுத்துகளுக்குத்தான் இடம். நினைவகம் கொள்ளை விலை. கோடிக்கணக்கான பதிவுகளில் ஆளுக்கு இரண்டு எழுத்து மிச்சம் என்றால் அது பெரிய சேமிப்பு. அன்றைய நிலையில் அது சரியான முடிவுதான். அந்த நிரல்கள் முப்பது நாற்பது ஆண்டுகள் ஓடும் என்றுதான் யாரும் எதிர்பார்க்கவில்லை.

நூற்றாண்டு மாற்றம் இந்த வகைக் கோளாறுகளில் ஒன்று, அவ்வளவே. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் வழிவந்த கணினிகள் 1970 ஜனவரி 1-லிருந்து எத்தனை விநாடி ஆயிற்று என்று எண்ணிக்கொண்டே நேரத்தைக் கணக்கிடுகின்றன. அந்த எண்ணிக்கையை 32 பிட் இடத்தில் (பிட் என்பது 0 அல்லது 1 மட்டும் கொள்ளும் மிகச் சிறிய இடம்) வைத்தால் 2,147,483,647 வரைதான் எண்ண முடியும். 2038 ஜனவரி 19 அன்று, சர்வதேச நேரம் அதிகாலை 3 மணி 14 நிமிடம் 7 விநாடிக்கு அந்த எல்லை வருகிறது. அடுத்த விநாடி, கணினிக்கு 1901 டிசம்பர் 13 ஆகிவிடும். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அனுப்பும் பழைய வகைச் சமிக்ஞையில் வார எண்ணுக்கு 10 பிட்; 1,024 வாரம் ஆனதும் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கும். 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படிச் சுழன்றது, 2038 நவம்பரில் மறுபடி சுழலும். லீப் ஆண்டுக் கணக்கைப் பிசகாக எழுதிய நிரல்கள் தனி ரகம்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று, நாள் முன்பே தெரியும் என்பது. புயல் எப்போது கரையைக் கடக்கும் என்று துல்லியமாகச் சொல்ல முடியாது. இதில் விநாடிவரை சொல்லலாம். அப்படியிருந்தும் ஏன் திண்டாட்டம்? நாள் தெரியும், இடம் தெரியாது. ஒரு துறையிடம் எத்தனை நிரல்கள் இருக்கின்றன, அவற்றில் எங்கெங்கே தேதி ஒளிந்திருக்கிறது, யாரோடு யார் தகவல் பரிமாறிக்கொள்கிறார்கள் என்பது பெரும்பாலும் அந்தத் துறைக்கே தெரிவதில்லை. தேதி தொடர்பான ஆயத்தத்தில் பாதிக்கு மேல் நிரல் திருத்துவதே அல்ல, தன்னிடம் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வதுதான் என்பேன்.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்க மத்திய அரசு 2000-ஆம் ஆண்டுக்குத் தயாரான விதம் நல்ல உதாரணம். ஏறக்குறைய ஒவ்வொரு படியும் பொது ஆவணமாகக் கிடைக்கிறது. அந்நாட்டு நாடாளுமன்றமான காங்கிரஸின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ, 1997-இல் இந்தக் கோளாறை அரசின் அதிக ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது. துறைகளுக்கு ஒரு வழிகாட்டியையும் வெளியிட்டது. விழிப்பூட்டல், மதிப்பீடு, சீரமைப்பு, சரிபார்ப்பு, நடைமுறைக்குக் கொண்டுவருதல் என்று ஐந்து கட்டங்கள் அதில் இருந்தன. சொல்வதற்கு எளிது.

முதலில் கணக்கெடுப்பு

சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் என்பது அமெரிக்காவில் முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் மாதாமாதம் பணம் தரும் துறை. அன்றைக்கே ஏறத்தாழ 5 கோடிப் பேர் அதை நம்பி இருந்தார்கள். இந்தத் துறை 1989-லேயே கோளாறைக் கண்டுகொண்டது. கூடுதலாகக் கொடுத்துவிட்ட பணத்தைத் தவணையில் திரும்ப வசூலிக்கும் ஒரு நிரல் அங்கே இருந்தது. தவணைத் தேதி 2000-ஐத் தாண்டியபோது நிரலால் அதை ஏற்க முடியவில்லை. கெடு வருவதற்குப் பதினோரு ஆண்டு முன்பே கெடு வந்துவிட்டது! எதிர்காலத் தேதிகளைக் கையாளும் நிரல்களில்தான் இந்தக் கோளாறு முதலில் தலைகாட்டும். கடன், ஓய்வூதியம், காப்பீடு, உரிமம் என்று வருங்காலத்தை எழுதிவைக்கும் அலுவலகங்கள் எல்லாருக்கும் முன்னால் விழித்துக்கொள்ள வேண்டியிருப்பது இதனால்தான்.

அந்தத் துறையிடம் இருந்தவை 3 கோடிக்கும் மேற்பட்ட நிரல் வரிகள். அவ்வளவு சீக்கிரம் தொடங்கியும் ஒரு பெரிய விடுபடல் நேர்ந்தது. மாற்றுத்திறனாளி உதவி கேட்டு வரும் விண்ணப்பங்களை முடிவுசெய்பவை மாநில அலுவலகங்கள். அவற்றின் கணினிகள் முதல் கணக்கெடுப்பில் சேர்க்கப்படவே இல்லை. 1997-இல் ஜிஏஓ இதைச் சுட்டிக்காட்டியது. மத்தியக் கணினி எவ்வளவு சரியாக இருந்தாலும், விண்ணப்பத்தை முடிவுசெய்யும் கணினி தடுமாறினால் பணம் போய்ச் சேராது. “நம்முடையது” என்ற எல்லையை அலுவலகத்தின் சுவரோடு நிறுத்தினால் வரும் வினை இது.

கணக்கெடுப்பு என்பது கணினிகளை எண்ணுவதோடு முடிவதில்லை. ஒவ்வொரு நிரலுக்கும் மூலநிரல் கையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல ஆண்டுகளாக ஓடும் நிரலுக்கு, இயங்கும் வடிவம் மட்டும் இருந்து, எழுதிய வடிவம் தொலைந்துபோயிருக்கும். மூலநிரல் இருந்தாலும் தேதியைத் தேடிப் பிடிப்பது லேசல்ல. தேதி என்ற பெயரைத் தேடினால், அந்தப் பெயர் வைத்த இடங்கள்தான் கிடைக்கும். எழுதியவர் தன் வசதிக்கு வேறு ஏதோ பெயர் வைத்திருப்பார். அல்லது வழக்கு எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களே ஆண்டாக இருக்கும். 99 என்றால் “முடிவில்லை”, 00 என்றால் “தகவல் இல்லை” என்று யாரோ குறியீடு வைத்திருப்பார். அதெல்லாம் எழுதியவர்களுக்குத்தான் தெரியும். அவர்களோ ஓய்வுபெற்றுவிட்டார்கள். அதனால்தான் 1998-இல் அமெரிக்க அரசு, ஓய்வுபெற்ற நிரலாளர்கள் இந்தப் பணிக்குத் திரும்பி வந்தால் வருமானம் குறையாதபடி விதிவிலக்கு அளிக்கத் துறைகளுக்கு வழி செய்தது.

அடுத்து, எதை முதலில் பார்ப்பது என்ற முடிவு. எல்லாவற்றையும் திருத்த நேரம் கிடையாது. நின்றுபோனால் மக்களுக்கு நேரடியாகத் தீங்கு வரும் அமைப்புகளை மட்டும் “இன்றியமையாதவை” என்று குறித்தார்கள். மத்திய அரசு முழுக்க ஆறாயிரத்துச் சொச்சம் வந்தது. மற்றவற்றில் சிலவற்றை மூடினார்கள், சிலவற்றுக்குப் பதிலாகப் புதியது வாங்கினார்கள். இன்றியமையாதவை எல்லாம் 1999 மார்ச் மாத முடிவுக்குள் தயாராக வேண்டும் என்று வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகம் கெடு வைத்தது. உண்மையான கெடுவுக்கு ஒன்பது மாதம் முன்பு! சோதனையில் தோற்பவற்றை மறுபடி திருத்த அந்த இடைவெளி தேவை.

திருத்துவதில் மூன்று வழி

நேர்மையான வழி, இரண்டு இலக்கத்தை நான்காக்குவது. 991231 என்று இருந்ததை 19991231 என்று எழுத வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் பழைய கோப்புகளில் ஒவ்வொரு தகவலுக்கும் நிரந்தர இடம் உண்டு. பெயர் இத்தனையாவது எழுத்திலிருந்து, தொகை இத்தனையாவது எழுத்திலிருந்து என்று. நடுவில் இரண்டு எழுத்தைச் செருகினால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் நகர்ந்துவிடும். அந்தக் கோப்பைப் படிக்கும் ஒவ்வொரு நிரலையும், அச்சிடும் ஒவ்வொரு படிவத்தையும், ஆண்டுக்கணக்காகச் சேர்த்துவைத்த பழைய தரவையும் ஒரே சமயத்தில் மாற்றியாக வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும், அது தொகை இருக்கும் இடத்தில் பெயரைப் படிக்கும்.

இரண்டாவது, இரண்டு இலக்கத்தை அப்படியே விட்டுவிட்டு அதற்குப் பொருள் சொல்லும் விதியை மட்டும் எழுதுவது. 00 முதல் 19 வரை இருந்தால் இரண்டாயிரத்தில் வைத்துக்கொள், 20 முதல் 99 வரை இருந்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் வைத்துக்கொள் என்பது போல. இதைச் ‘சாளர முறை’ என்பார்கள். தரவைத் தொட வேண்டியதில்லை, வேலை சீக்கிரம் முடியும். எனவே பல இடங்களில் இதைத்தான் செய்தார்கள். இதில் இரண்டு குறைகள் உண்டு. நூறு ஆண்டுக்குமேல் பரவிக்கிடக்கும் தேதிகளுக்கு இது உதவாது. 15 என்றிருந்தால் 1915-இல் பிறந்த பாட்டியா, 2015-இல் பிறந்த பேத்தியா என்று எப்படித் தெரியும்? பிறந்த தேதி வைத்திருக்கும் அலுவலகம் சாளர முறையை நம்பக் கூடாது. மற்றது, இது கோளாறைத் தீர்ப்பதில்லை, தள்ளிப்போடுகிறது. எந்த ஆண்டில் சாளரம் மூடும் என்பதை யாராவது எழுதிவைத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தால் பரவாயில்லை. எழுதிவைக்காத இடங்களில் அது இன்னொரு மறைந்த கெடு.

மூன்றாவது வழி கெட்டிக்காரத்தனமானது. நாட்காட்டி 28 ஆண்டுக்கு ஒருமுறை கிழமை மாறாமல் திரும்பி வரும். 2000 ஜனவரி 1 சனிக்கிழமை. 1972 ஜனவரி 1-உம் சனிக்கிழமை. இரண்டுமே லீப் ஆண்டு. ஆகவே நிரலுக்குள் போகும் தேதியில் 28 ஆண்டைக் கழித்து அனுப்பி, வெளியே வரும்போது 28-ஐக் கூட்டிவிடலாம். மூலநிரல் தொலைந்துபோன, தொட முடியாத நிரல்களுக்கு இது கைகொடுத்தது. ஆனாலும் இது கட்டுப்போடும் வேலைதான், சிகிச்சை ஆகாது.

எந்த வழியில் போனாலும் பக்கத்து அலுவலகத்தோடு பேசியாக வேண்டும். ஒரு துறை நான்கு இலக்கத்துக்கு மாறி, தகவல் வாங்கும் துறை இரண்டிலேயே இருந்தால், இரண்டும் தனித்தனியே சரியாக இருந்தும் சேர்ந்து பிழையாகும். இடையில் மொழிபெயர்க்கும் சிறு நிரல்களை எழுதி, எந்தத் தேதியிலிருந்து எந்த வடிவம் என்று எழுத்துபூர்வமாக ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் பணத்தைக் கணக்கிட்டாலும், பட்டுவாடா செய்வது கருவூலத் துறை. வங்கிக் கணக்குக்குப் போவது மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வழியாக. காசோலையாக இருந்தால் அஞ்சல் துறை வழியாக. சங்கிலி முழுவதையும் சேர்த்துச் சோதித்தபிறகுதான், 1998 டிசம்பர் கடைசியில், பணம் தவறாமல் வரும் என்று ஜனாதிபதி கிளிண்டனால் அறிவிக்க முடிந்தது.

வேலை நடக்கும்போது வேறு மாற்றங்களைத் தடுத்துவைப்பதும் ஆயத்தத்தின் பகுதிதான். பாதி திருத்திய நிரலில் புதிய சட்டத்துக்கான விதியையும் நுழைத்தால் எது எதனால் உடைந்தது என்று தெரியாமல் போய்விடும். மெடிகேர் மருத்துவக் காப்பீட்டை நடத்திய துறை, காங்கிரஸ் 1997-இல் நிறைவேற்றிய சட்டத்தின் சில பிரிவுகளை அமல்படுத்துவதையே இதற்காகத் தள்ளிவைத்தது.

கடிகாரத்தை முன்னே தள்ளிப் பார்ப்பது

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி சோதனைதான். அதிக நேரத்தை விழுங்கியதும் அதுதான். மொத்த உழைப்பில் பாதி அல்லது அதற்கும் மேல்.

கணினியின் தேதியை 1999 டிசம்பர் 31 இரவுக்கு மாற்றி, நள்ளிரவு தாண்டவிட்டு என்ன ஆகிறது என்று பார்க்கலாமே எனத் தோன்றும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் அதைச் செய்தால் பெரிய சேதம் வரும். கடவுச்சொற்கள் எல்லாம் காலாவதியாகும். ஆண்டுச் சந்தாவில் வாங்கிய மென்பொருள்கள் உரிமம் முடிந்தது என்று மூடிக்கொள்ளும். “இத்தனை மாதம் பழைய கோப்புகளை அழி” என்ற தானியங்கி வேலை, நேற்று எழுதிய கோப்பைப் பழையது என்று நினைத்து அழித்துவிடும். கடிகாரத்தைப் பின்னால் திருப்பினால் அழிந்தவை திரும்பி வராது. ஆகவே தனிக் கணினிகள், நகல் தரவு, வெளி உலகத்தோடு தொடர்பில்லாத வலைப்பின்னல் என்று எல்லாம் தனியாக வேண்டும்.

நள்ளிரவு ஒன்றை மட்டும் சோதித்தால் போதாது. 2000 பிப்ரவரி 29 முக்கியமான நாள். நூறால் வகுபடும் ஆண்டு லீப் ஆண்டல்ல என்ற விதியைத் தெரிந்துவைத்திருந்து, நானூறால் வகுபட்டால் லீப் ஆண்டுதான் என்ற அடுத்த விதியைத் தெரியாமல் எழுதிய நிரல்கள் அன்றைக்கு இடறும். 1999 செப்டம்பர் 9 சந்தேகத்துக்குரியது. 9/9/99 என்ற அந்தத் தேதி 9999 ஆகிவிடும்; 9999 என்பதைப் “பதிவு முடிந்தது” என்ற குறியாகப் பயன்படுத்தியவர்கள் உண்டு. 2000 டிசம்பர் 31 ஆண்டின் 366-ஆவது நாள். 365 வரைதான் இடம் ஒதுக்கிய நிரல் அன்றைக்குச் சிக்கும்.

நிறுத்தவே முடியாத அமைப்பை எப்படிச் சோதிப்பது? வான்வழிப் போக்குவரத்துக் கட்டுப்பாடு அப்படிப்பட்டது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் முக்கியக் கணினிகளில் ஐபிஎம் 3083 என்ற பழைய வகை இருந்தது. வன்பொருளையே இயக்கும் அவற்றின் அடிமட்டக் குறியீடு 2000-ஐத் தாங்கும் என்று உறுதி தர முடியாது, மாற்றிவிடுங்கள் என்று ஐபிஎம் நிறுவனமே சொன்னது. நிர்வாகம் இரண்டு பக்கமும் வேலை செய்தது: பழையதைத் துருவி ஆராய்ந்தது, புதியதை வாங்கி மாற்றவும் செய்தது. 1999 ஏப்ரலில் டென்வர் விமான நிலையத்தையொட்டி நிஜச் சோதனை நடந்தது. ஒவ்வொரு அமைப்புக்கும் இரட்டைப் பிரதி இருந்ததால், ஒரு பாதி உண்மையான விமானங்களை வழக்கம்போல் நடத்தியது. மறுபாதியில் கடிகாரத்தை டிசம்பர் 31-க்குத் தள்ளி, அதே வான்வெளியின் தகவலைக் கொடுத்து, நள்ளிரவைத் தாண்டவிட்டார்கள். இரண்டு பாதியும் ஒரே விடையைக் கொடுக்கின்றனவா என்று ஒப்பிட்டார்கள். இவ்வளவு அழகான சோதனையை எங்கும் எப்போதும் செய்ய முடியாது. இரட்டைப் பிரதி வைத்திருந்தால்தான் முடியும்.

சோதனையில் தேறியதற்குப் பிறகும் ஒரு மாற்றுத் திட்டம் எழுத வேண்டும். கணினி நின்றுவிட்டால் முதல் மூன்று நாள் இந்த வேலை எப்படி நடக்கும்? கையால் எழுத எந்தப் படிவம், யார் கையெழுத்து, எவ்வளவு நாளைக்கு அப்படி ஓட்ட முடியும்? ஜிஏஓ இதற்கும் தனி வழிகாட்டி வெளியிட்டது. துறைகள் தம் நிலையைக் காலாண்டுக்கொருமுறை அறிக்கையாகக் கொடுத்தன. காங்கிரஸ் உறுப்பினர் ஸ்டீபன் ஹார்ன், பள்ளிக்கூட மதிப்பெண் அட்டைபோல் ஒவ்வொரு துறைக்கும் தரம் போட்டு வெளியிட்டார். தோற்ற துறையின் பெயர் நாளிதழில் வந்தது. அதிகாரியின் மேசையில் கிடந்த தொழில்நுட்பச் சிக்கல், அமைச்சரின் சிக்கலாக மாறியது அப்படித்தான். 1998 பிப்ரவரியில் ஜனாதிபதியின் ஆணைப்படி ஜான் கோஸ்கினன் தலைமையில் ஒருங்கிணைப்புக் குழுவும் அமைந்தது. மத்திய அரசு மட்டும் செலவிட்டது 800 கோடி டாலருக்கு மேல்.

1999 டிசம்பர் 31 இரவு பெரும்பாலும் அமைதியாகக் கழிந்தது. ஆனால் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்களின் தகவலைப் பிரித்தெடுக்கும் ஒரு தரை நிலையம் சில மணி நேரம் செயலிழந்தது. செயற்கைக்கோள்களில் கோளாறு இல்லை. தேதிக் கோளாறைச் சரிசெய்யப் போட்ட திருத்தமே அதற்குக் காரணம் என்று பிறகு தெரிந்தது. திருத்தமும் ஒரு மாற்றம்தான். அதற்கும் அதே அளவு சோதனை வேண்டும்.

“ஒன்றும் நடக்கவில்லையே, வீண் பரபரப்பு” என்று அதற்குப் பின் நிறையப் பேர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சோதனைகளில் பிடிபட்டு முன்பே திருத்தப்பட்ட பிழைகள் யார் கண்ணிலும் படவில்லை, அவ்வளவுதான்.

இப்போது முன்னால் இருப்பது 2038

சேதி பாதி நல்லது. 64 பிட்டில் நேரத்தை எண்ணும் கணினிகளுக்கு நாம் கவலைப்படும் காலத்துக்குள் எல்லை வராது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலும் 2020-இல் வந்த 5.6 பதிப்பிலிருந்து 32 பிட் கருவிகளிலும் 64 பிட் நேரத்தைக் கையாள வழி தருகிறது. ஆனால் இயங்குதளம் மாறியதாலேயே எல்லாம் மாறிவிடாது. தரவுத்தளத்தில் நேரத்துக்கு ஒதுக்கிய இடம் இன்னும் 32 பிட்டாக இருக்கலாம். கோப்பு வடிவத்தில் நான்கு பைட்தான், அதாவது 32 பிட்தான், இருக்கலாம். நிரலின் நடுவில் யாரோ நேரத்தைச் சிறிய எண்ணாக மாற்றியிருக்கலாம். 1989-இல் தவணை நிரல் முட்டிக்கொண்டதுபோல, நீண்ட தவணைகளையும் காலாவதித் தேதிகளையும் எழுதும் நிரல்கள் 2038-ஐ இப்போதே தொட்டுக்கொண்டிருக்கின்றன.

மேசைமேல் இருக்கும் கணினிகளைவிடச் சுவருக்குள்ளும் கம்பத்திலும் பொருத்தியவற்றைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். 2019 ஏப்ரலில் ஜிபிஎஸ் வார எண் சுழன்றபோது, நியூயார்க் மாநகரம் தன் துறைகளுக்காக வைத்திருந்த கம்பியில்லா வலைப்பின்னல் பல நாட்கள் முடங்கியது. போக்குவரத்து விளக்குகளை இயக்கவும் காவல்துறை வாகன எண்களைப் படிக்கவும் பயன்பட்ட வலைப்பின்னல் அது. சுழலும் நாள் பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்ததுதான். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையும் எச்சரித்திருந்தது. ஆனால் எந்தப் பெட்டிக்குள் எந்த ஜிபிஎஸ் சில்லு இருக்கிறது, அதன் உள்நிரல் (கருவிக்குள்ளேயே பதித்த நிரல்) எந்தப் பதிப்பு என்ற பட்டியல் இருந்தால்தான் எச்சரிக்கையைக் கேட்டு ஏதாவது செய்ய முடியும்.

பழைய கணினிகளும் எங்கும் போய்விடவில்லை. அமெரிக்க அணு ஆயுதப் படைகளுக்குக் கட்டளை அனுப்பும் அமைப்பு ஒன்று 1970-களின் ஐபிஎம் கணினியிலும் எட்டு அங்குல ஃப்ளாப்பி வட்டிலும் ஓடிக்கொண்டிருந்ததாக ஜிஏஓ 2016-இல் எழுதியது. அமெரிக்க மத்திய அரசு கணினிகளுக்கு ஆண்டுதோறும் செலவிடும் பணத்தில் பெரும்பகுதி, இருப்பதை ஓட்டவே போகிறது.

ஆகையால் இன்று ஒரு துறை செய்யக்கூடிய மலிவான வேலை, வாங்கும் இடத்திலேயே கேட்டுவிடுவது. 1997-இல் அமெரிக்க அரசின் கொள்முதல் விதிகளிலேயே 2000-ஆம் ஆண்டுக்குப் பொருந்தும் கருவிகளைத்தான் வாங்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தார்கள். இன்று பொருத்தும் மின்மாற்றிக் கட்டுப்பாட்டுப் பெட்டியோ, நீரேற்றுநிலையக் கருவியோ பதினைந்து இருபது ஆண்டு ஓடும். அதாவது 2038-ஐத் தாண்டும். நேரத்தை எத்தனை பிட்டில் வைக்கிறது, ஜிபிஎஸ் வார எண்ணை எப்படிக் கையாள்கிறது, உள்நிரலைப் பொருத்திய இடத்திலேயே மாற்ற முடியுமா, 2038 ஜனவரி 19-ஐத் தாண்டவிட்டுச் சோதித்த அறிக்கை இருக்கிறதா? இந்த நான்கு கேள்விகளை ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தில் சேர்க்க ஒரு பத்தி போதும். விடைகளை அந்தக் கருவியின் பதிவேட்டிலேயே எழுதிவைத்தால், 2037-இல் அந்த இருக்கையில் உட்காரப்போகிறவர் கணக்கெடுப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.